ஐவருக்குப் பின் ஆறாமவர்: ஒரு பல்கலைக்கழகம் பேஸ்பால் பயிற்சியாளரைத் தேடிய வரலாறு

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், 1911ஆம் ஆண்டு தொடங்கி 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முடிய, தன் பேஸ்பால் அணிக்கு நிலையான தலைமைப் பயிற்சியாளர்களாக அமர்த்திக்கொண்டவர்கள் ஐந்தே பேர். இரண்டாம் உலகப் போரின்போது மூன்று பருவங்களுக்கு மட்டும் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட ஒருவர் இக்கணக்கில் சேரமாட்டார். அதே 113 ஆண்டுகளில் அந்த நாடு 20 குடியரசுத் தலைவர்களைக் கண்டுவிட்டது. ஆறாவதாக வந்த பயிற்சியாளரோ, முதல்நாள் இரவு வரை பரம வைரியான பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அணியைத் தேசிய இறுதிப் போட்டியில் நடத்திக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளே ஆஸ்டினுக்கு உரியவரானார். கை மாற்றிக் கொடுக்கப்படும் குடும்பச் சொத்தைப் போல இருந்த ஒரு பதவி, ஏலத்தில் எடுக்கப்படும் பொருளைப் போல ஆன கதை இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஏலம் வந்த பிறகும் குடும்பம் கலைந்துவிடவில்லை என்பது அக்கதையின் கவனிக்கப்படாத பகுதி.

கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பேஸ்பாலில் பயிற்சியாளர் வகிக்கும் இடம் சற்றுப் புதிதாகத் தோன்றக்கூடும். கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கியபின் அதிகாரம் களத்தில் நிற்கும் தலைவரிடம் போய்விடுகிறது; பேஸ்பாலில் பந்தெறிபவரை எப்போது மாற்றுவது, மட்டைபிடிப்பவர் ஓங்கி அடிப்பதா அல்லது மட்டையை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டிவிடுவதா, ஓடக் காத்திருப்பவர் அடுத்த தளத்துக்குத் திருட்டோட்டம் ஓடலாமா என்பன எல்லாவற்றையும் களத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரே தீர்மானிக்கிறார். கல்லூரி ஆட்டங்களில் தலைமைப் பயிற்சியாளர் பலவேளைகளில் மூன்றாம் தளத்துக்கு அருகே நின்றுகொண்டு, தொப்பியின் விளிம்பையும் மார்பையும் இடைவாரையும் முழங்கையையும் மாறி மாறித் தொட்டுக் காட்டுவதைக் காணலாம். அவற்றுள் ஒரு தொடுகைதான் கட்டளை, மற்றவை எதிரணியைக் குழப்புவதற்கான பாவனை. இவற்றுக்கு மேல், உயர்நிலைப் பள்ளிகளைச் சுற்றி ஆள் சேர்ப்பதும், உதவித்தொகையைப் பங்கிடுவதும், பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஆகவே பயிற்சியாளரைத் தேடுவது என்பது ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை மட்டும் தேடுவதாக என்றைக்கும் இருந்ததில்லை.

தொடக்கத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதல் பேஸ்பால் ஆட்டம் 1859ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு நகரில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்தது. இன்றைய விதிகளினின்றும் மாறுபட்ட பழைய மாசசூசெட்ஸ் முறைப்படி ஆடப்பட்ட அந்த ஆட்டத்தில் ஆம்ஹர்ஸ்ட் 73க்கு 32 என்ற கணக்கில் வென்றது. அணியைத் தேர்ந்தெடுத்ததும் நடத்தியதும் மாணவர்களே. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மாணவர்கள் தங்களுக்குள் தேர்ந்துகொண்ட அணித்தலைவரின் சொல்லே இறுதிச் சொல்லாக இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தில் வேலையின்றி இருப்பார்கள் என்பதைக் கண்டுகொண்ட கல்லூரிகள், வசந்தம் தொடங்குமுன் சில வாரங்களுக்கு அவர்களைக் கூலிக்கு அமர்த்தி உள்ளரங்கில் பயிற்சி கொடுக்கச் செய்யத் தொடங்கியபோதுதான் பயிற்சியாளர் என்னும் தொழிலுக்கு வித்து விழுந்தது.

கூலி எப்போதும் பணமாக இருக்கவில்லை. 1890களில் பால்டிமோர் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ஜான் மெக்ராவும் ஹ்யூகி ஜென்னிங்ஸும் நியூயார்க் மாநிலத்துச் செயின்ட் பொனவெஞ்சர் கல்லூரியில் அணிக்குப் பயிற்சி அளித்து அதற்கு ஈடாகப் படிப்பைப் பெற்றுக்கொண்டனர். பின்னர் ஜென்னிங்ஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டே அங்குள்ள அணியையும் நடத்தினார். இதே வழியில் வந்தவர்களில் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்றவர் பிராஞ்ச் ரிக்கி. காசநோயிலிருந்து தேறி எழுந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்திருந்த அவர், அங்கே பயிற்சியாளர் இடம் காலியானதை அறிந்ததும், தமக்குத் தெரிந்தவர்கள் அனைவரையும் பரிந்துரைக் கடிதம் எழுதச் சொன்னாராம். நாள்தோறும் வந்து குவிந்த கடிதங்களுக்கு முடிவு கட்டுவதற்காகவே விளையாட்டுத் துறை இயக்குநர் அவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வதுண்டு. ரிக்கி 1910 முதல் 1913 வரை அங்கே பணியாற்றினார். பல்கலைக்கழகம் பயிற்சியாளரைத் தேடியதற்கு மாறாகப் பயிற்சியாளர் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பிடித்த காலம் அது. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மூடிக் கிடந்த மேஜர் லீக் என்னும் உயர்நிலைத் தொழில்முறைப் போட்டியின் கதவை 1947இல் ஜாக்கி ராபின்சன் திறந்தபோது, அவரைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியவர் இதே ரிக்கிதான்.

தொழில்முறை ஆட்டத்திலிருந்து கல்லூரிக்கு வருவதற்கு ஒருவர் கொடுக்க நேர்ந்த விலை எவ்வளவு என்பதை மிச்சிகனின் 1921ஆம் ஆண்டு நியமனம் காட்டுகிறது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்தவரும், லத்தீன் மொழி கற்பித்ததால் பள்ளி ஆசிரியர் என்றே செல்லப்பெயர் பெற்றவருமான ரே ஃபிஷர், சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பந்தெறிபவராக இருந்தார். 1919இல் அந்த அணி சிகாகோ வொய்ட் சாக்ஸ் அணியை வென்று உலகத் தொடர் என்னும் ஆண்டிறுதிக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆனால் சிகாகோ ஆட்டக்காரர்களில் எட்டுப் பேர் சூதாடிகளின் பணத்துக்காகத் தோற்க உடன்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு மறு ஆண்டு வெடித்தது. ஆட்டத்தின் மானத்தைக் காக்க வேண்டி அணி உரிமையாளர்கள் கெனெசா மவுன்டன் லாண்டிஸ் என்னும் நீதிபதியைத் தனியதிகாரம் கொண்ட ஆணையராக அமர்த்தினர். எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கிவைத்த அதே 1921ஆம் ஆண்டில் அவர் ஃபிஷரையும் விலக்கினார். ஃபிஷர் செய்த குற்றமோ மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வேலையை ஏற்றுக்கொண்டது. அணியைவிட்டு விலகுவதற்கு ஒப்பந்தம் கேட்ட 10 நாள் முன்னறிவிப்பை அவர் முழுதாகக் கொடுக்கவில்லை என்று காரணம் காட்டப்பட்டது. சூதாடிகளிடம் விலைபோனவர்களுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பந்தெறியச் சொல்லிக்கொடுக்கப் போனவருக்கும் ஒரே தண்டனை என்பது, ஆட்டக்காரர்கள் தங்கள் உடைமை என்று அணி உரிமையாளர்கள் எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பதற்குச் சான்று.

ஃபிஷர் மிச்சிகனில் 38 பருவங்கள் இருந்தார். பேஸ்பாலோடு கால்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் ஆகியவற்றின் பயிற்சியிலும் கை கொடுத்தார், ஏனெனில் அக்காலத்தில் ஒரு சம்பளத்துக்கு ஒரு விளையாட்டு என்ற கணக்கு கிடையாது. விலக்கு 1980இல்தான் நீக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

ஆஸ்டினில் நடந்தது வேறு மாதிரி. அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பேஸ்பால் அணி இருந்தாலும், பயிற்சியாளர்கள் ஓரிரு பருவங்களில் வந்து போய்க்கொண்டிருந்தனர். 1911இல் பல்கலைக்கழகம் தேடிக்கொண்ட மனிதர் அதே நகரத்தில், ஆற்றுக்குத் தெற்கே, செயின்ட் எட்வர்ட்ஸ் என்னும் கத்தோலிக்கக் கல்லூரியில் பத்தாண்டுக் காலம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பில்லி டிஷ். மேஜர் லீகில் ஒருநாளும் ஆடாத அவர் 1939 வரை 29 பருவங்கள் பதவியில் இருந்து சுமார் 20 வட்டாரக் கோப்பைகளை வென்றார். மாணவர்கள் அவரைப் பில்லி மாமா என்றே அழைத்தனர். தேடல் என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவதே மிகை. ஊர்க்காரர் ஒருவரை ஊர்க்காரர்கள் அழைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

டிஷ், அவருக்குப் பின் வந்தவர், அவருக்கும் பின் வந்தவர் ஆகிய மூவரும் ஒரே மைதானத்தில் அணியை நடத்தியவர்கள் என்பதால் அந்த மைதானத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1928 முதல் 1974 வரை பயன்பட்ட கிளார்க் ஃபீல்டு என்னும் அந்தத் திடலின் மையப் புறக்களத்தில் சுண்ணாம்புக்கல் பாறைச் சரிவு ஒன்று இடத்துக்கு இடம் 12 அடியிலிருந்து 30 அடி வரை செங்குத்தாக எழும்பி நின்றது. மற்ற மைதானங்களில் வேலி இருக்கும் இடத்தில் இங்கே பாறை. பாறையின் உச்சியில் விழுந்த பந்தும் ஆட்டத்திலுள்ள பந்துதான். அதனால் புறக்களத்தில் நிற்பவர், பந்து உயர எழும்பியதும் திரும்பி ஓடி, பாறையில் தேய்ந்து கிடந்த ஆட்டுத்தடம் போன்ற ஒற்றையடிப் பாதையில் ஏறி, மேலே நின்று பந்தைப் பிடித்துக் கீழே எறிய வேண்டும். ஆட்டுக்கிடா மேடு என்னும் பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும் என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்; விருந்தாளிகளுக்குத் தெரியாது. 1929இல் நியூயார்க் யாங்கீஸ் அணி காட்சியாட்டம் ஆட வந்தபோது அதன் புகழ்பெற்ற மட்டைக்காரர் லூ கெரிக் அந்தப் பாறையையும் தாண்டிப் பந்தை அடித்தது ஆஸ்டினில் இன்றும் பேசப்படுகிறது. டிஷ்ஷுக்குப் பின் அந்த அணியில் ஆடியவர்தான் அங்கே பயிற்சியாளராக முடியும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆயினும் நடந்தது அதுதான்.

1940இல் டிஷ் ஓய்ந்தபோது பதவி அவருடைய பழைய மாணவரான பிப் ஃபால்க்கிடம் போயிற்று. ஆஸ்டினில் பிறந்து, டிஷ்ஷிடம் ஆடிப் பழகிய ஃபால்க் 1920இல் கல்லூரியிலிருந்து நேராகச் சிகாகோ வொய்ட் சாக்ஸ் அணிக்குச் சென்றவர். அந்தப் பருவத்தின் கடைசி நாட்களில் சூதாட்டக் குற்றச்சாட்டில் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் விலக்கப்பட்டபோது, இடது புறக்களத்தில் அவர் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது இந்த 21 வயது இளைஞர்தான். 12 பருவங்கள் மேஜர் லீகில் நிலைத்து, 1,000 வாய்ப்புகளுக்கு 314 முறை வெற்றியாக அடித்த சராசரியோடு அவர் ஊர் திரும்பினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிரணியினரை வாயால் வறுத்தெடுப்பதில் வல்லவர் என்பதற்காகவே பெற்ற பட்டப்பெயர் ஒன்றும் அவரோடு கூடவே வந்தது. கட்டுப்பாடான டிஷ்ஷுக்கும் காரமான ஃபால்க்குக்கும் குணத்தில் ஒற்றுமை குறைவு. ஆனால் வாரிசைத் தீர்மானித்தது குணம் அன்று, பழக்கம்.

ஃபால்க்கின் காலத்தில்தான் கல்லூரி ஆட்டம் முதன்முறையாக நாடு தழுவிய மேடை ஒன்றைப் பெற்றது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் 1945இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1947இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கல்லூரி உலகத் தொடர் என்னும் தேசியப் போட்டி தொடங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஆடிய யேல் அணியைக் கலிஃபோர்னியா அணி அதில் வென்றது. 1950 முதல் அத்தொடர் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகருக்குப் போய் அங்கேயே நிலைபெற்றது. ஒமாஹா என்றாலே கல்லூரிப் பேஸ்பாலின் உச்சம் என்று பொருள்படுமளவுக்கு ஊர்ப்பெயர் ஆகுபெயராகிவிட்டது. டெக்சஸ் 1949இலும் 1950இலும் கோப்பையை வென்று, அடுத்தடுத்து இரு முறை வென்ற முதல் அணியாயிற்று. 1953 இறுதியாட்டத்தில் மட்டும் அது மிச்சிகனிடம் 7க்கு 5 என்று தோற்றது. சிகாகோ சூதாட்டத்தால் வேலை கிடைத்த ஃபால்க் ஒரு பக்கமும், அந்தச் சூதாட்டத்தைத் தொடர்ந்து வந்த கெடுபிடியில் தொழிலை இழந்த ஃபிஷர் மறுபக்கமும் நின்ற அந்த மாலையில், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு ஒன்று ஓசையின்றித் தீர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அக்காலத்துப் பயிற்சியாளரின் வருமானம் பற்றி ஒரு செய்தியே போதும். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை 1942 முதல் 1986 வரை நடத்தி, வேறெவரும் எட்டாத அளவில் 11 தேசியக் கோப்பைகளில் பங்கு கொண்ட ராட் டீடோ, சொந்தமாக லாரிப் போக்குவரத்து நிறுவனம் வைத்திருந்தவராதலால், பல்கலைக்கழகத்திடமிருந்து ஆண்டுக்கு ஒரு டாலர் மட்டும் பெயரளவில் சம்பளமாகப் பெற்றுக்கொண்டார்.

1967இல் ஃபால்க் ஓய்வு பெற்றதும் மீண்டும் உள்வீட்டுப் பிள்ளையே அழைக்கப்பட்டார். 1952இல் ஃபால்க்கின் அணியில் ஒமாஹாவுக்குச் சென்றிருந்த கிளிஃப் குஸ்டாஃப்சன், அதன்பின் சான் அன்டோனியோ நகரின் தெற்குப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராகிப் பல முறை மாநிலக் கோப்பையை வென்றிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரை நேரே பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் உட்கார வைப்பதை இன்று எவரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். அன்றோ அது இயல்பான செயலாக இருந்தது. டெக்சஸ் மாநிலத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் எந்தெந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவரைவிடச் சிறந்த தேர்வு இல்லை என்று கருதப்பட்டது. கணிப்பு பொய்க்கவில்லை. 29 பருவங்களில் 1,400க்கு மேற்பட்ட வெற்றிகள், 17 முறை ஒமாஹா, 1975இலும் 1983இலும் கோப்பை என்று குஸ்டாஃப்சனின் பட்டியல் நீண்டது. 1983 இறுதியாட்டத்தில் பந்தெறிந்து வென்றவர், பின்னாளில் மேஜர் லீகில் பெரும்பெயர் பெற்ற ரோஜர் கிளெமன்ஸ். கிளார்க் ஃபீல்டு கைவிடப்பட்டு 1975இல் திறக்கப்பட்ட புதிய அரங்கத்துக்கு முதலிரு பயிற்சியாளர்களின் பெயரையும் சேர்த்து டிஷ்–ஃபால்க் ஃபீல்டு என்று பெயரிட்டார்கள். அங்கே பாறை இல்லை. தரையிலிருந்த புல்லும் செயற்கைப் புல்தான்.

ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மரபுரிமை என்பது உவமையாக இல்லாமல் உண்மையாகவே நடந்தேறியது. அங்கே ஒரே பருவம் பயிற்சியாளராக இருந்த டிக் ஹவ்சர் யாங்கீஸ் அணிக்கு, தொழில்முறை ஆட்டத்தில் மேலாளர் எனப்படும் தலைமைப் பயிற்சியாளராகப் போக, 1980இல் வந்த மைக் மார்ட்டின் 40 பருவங்களில் 2,029 வெற்றிகளைக் குவித்துவிட்டு 2019இல் ஓய்வு பெற்றபோது பதவி அவர் மகனிடம் போயிற்று. மூன்று பருவங்களில் மகன் நீக்கப்பட்டதும் பல்கலைக்கழகம் வெளியில் தேடி, நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரைக் கொண்டுவந்தது. அவரும் மார்ட்டினிடம் ஆடிய பழைய மாணவரே.

ஆஸ்டினில் வேலி உடைந்தது 1996இல். குஸ்டாஃப்சன் விலகியபின் வந்த ஆகி கரிடோ கலிஃபோர்னியாக்காரர்; டிஷ், ஃபால்க் என்னும் வழியோடு எந்த உறவும் இல்லாதவர். கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகத்தில் மூன்று கோப்பைகள் வென்றவர் என்பதும், இடையில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று பருவங்களில் திரும்பி வந்தவர் என்பதும், பயிற்சியாளர் ஊர்விட்டு ஊர் பெயரும் தொழிலராகிவிட்டதன் அடையாளங்கள். 2002, 2005 ஆகிய இரு ஆண்டுகளில் அவர் டெக்சஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2016இல் விலகும்போது மொத்தம் 1,975 வெற்றிகளுடன் கல்லூரி ஆட்டத்தில் எவரும் அதுவரை எட்டாத எண்ணில் நின்றார். அவருக்குப் பின் வந்த டேவிட் பியர்ஸும் வெளியாளே; எட்டுப் பருவங்களில் மூன்று முறை ஒமாஹாவுக்கு அணியை அழைத்துச் சென்றார், கோப்பை கிட்டவில்லை. இந்தக் காலத்திற்குள் முன்னணிப் பயிற்சியாளர்களின் ஆண்டுச் சம்பளம் 10 இலட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த மாற்றத்துக்குப் பணம் மட்டும் காரணமன்று. 1965இல் மேஜர் லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியபின், பள்ளி முடித்த சிறந்த பையன் ஒவ்வொருவனுக்கும் கல்லூரியா, தொழிலா என்ற கேள்வி எழுந்தது. அவனைக் கல்லூரிப் பக்கம் இழுப்பது பயிற்சியாளரின் வேலை. இழுக்க அவர் கையில் இருந்த பொருளோ சொற்பம். ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகள் மட்டுமே என்று விதி இருந்தது. அதை 27 பேருக்கு மிகாமல், ஒவ்வொருவருக்கும் குறைந்தது கால் பங்காவது கிடைக்குமாறு பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சராசரியாக ஒருவருக்குப் பாதிச் செலவுகூடத் தேறவில்லை. அந்தப் பின்ன எண்ணை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பேசி முடிக்கத் தெரிந்தவரே நல்ல பயிற்சியாளர். துணைக்கு இருந்த உதவியாளர்களில் மூன்றாமவருக்கு 2023 வரை சம்பளமே கிடையாது. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு நடத்தும் பயிற்சி முகாம்களில் வரும் காசில்தான் அவர் பிழைத்தார். அப்படிப் பிழைத்தபடி தலைமைப் பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்களே அடுத்த தலைமுறைத் தலைமைப் பயிற்சியாளர்கள்.

2018இல் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் தம் பெயரைப் பதியும் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021இல் அப்படி மாறுவோர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற தடை தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றாயிற்று. இதன் விளைவாக ஒரு பயிற்சியாளர் போனால் அவரோடு உதவியாளர்களும், அவர்களோடு ஆட்டக்காரர்களும் போகக்கூடும் என்ற நிலை வந்தது. எனவே தேடலின் வேகமே தேடலின் வெற்றியாகிவிட்டது. விளையாட்டுத் துறை இயக்குநர், இடம் காலியாவதற்கு முன்பே நான்கைந்து பெயர்களை மனத்தில் வைத்திருப்பார். இன்னொரு பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் நேராகப் பேசுவது மரியாதையன்று என்பதால் அவருடைய முகவரிடம் பேசுவார். ஒப்பந்தக் காலம் முடியுமுன் போகிறவருக்காகப் பழைய இடத்துக்குக் கட்ட வேண்டிய விடுவிப்புத் தொகை எவ்வளவு என்று வழக்குரைஞர்கள் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்தபின் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஒப்புதல் தரும். வேலைக்கு விளம்பரம் வெளிவருவதும் உண்டு. அதைப் பார்த்து விண்ணப்பிப்பவர்களை நினைத்தால் இரக்கம்தான் வருகிறது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் டெக்சஸ் அணி, சுமார் 170 கிலோமீட்டர் தொலைவில் காலேஜ் ஸ்டேஷன் நகரில் நடந்த தேசியப் போட்டியின் முதற்சுற்றில், அந்நகரின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திடமும் பிறகு லூசியானா அணியிடமும் தோற்று வெளியேறியிருந்தது. ஏ அண்ட் எம் அணியோ மேலே மேலே போய், தன் வரலாற்றில் முதன்முறையாக ஒமாஹா இறுதித் தொடரை எட்டி, டென்னசி பல்கலைக்கழகத்துக்கு எதிரான மூன்று ஆட்டங்களில் முதலாவதை வென்று, மற்ற இரண்டையும் இழந்தது. மூன்றாவது ஆட்டம் 6க்கு 5 என்று முடிந்தது ஜூன் 24 இரவு. அன்றைக்குத்தான் ஆஸ்டினில் பியர்ஸ் விலகும் செய்தியும் அறிவிக்கப்பட்டிருந்தது. தோற்ற களைப்போடு செய்தியாளர்கள் முன் உட்கார்ந்த ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகலிடம் ஆஸ்டின் வேலையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர் சினந்து, இனி வேறு வேலை தேடாதிருப்பதற்காகவே தாம் இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னார். மறுநாள் டெக்சஸ் பல்கலைக்கழகம் அவரைத் தன் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது.

ஏ அண்ட் எம் ஆதரவாளர்களின் கொதிப்பு எளிதில் விளங்கக்கூடியது. ஆனால் நம்பிக்கைத் துரோகம் என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. டெக்சஸின் விளையாட்டுத் துறை இயக்குநர் கிறிஸ் டெல் கான்டே அதற்கு முன் ஃபோர்ட் வொர்த் நகரின் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் அதே பதவியில் இருந்தவர். ஷ்லாஸ்நேகல் அங்கே 2004 முதல் 2021 வரை பேஸ்பால் அணியை நடத்தி ஐந்து முறை ஒமாஹாவுக்குக் கொண்டுசென்றவர். நாடு முழுவதும் தேடியதாகத் தோற்றம் தந்த அந்தத் தேடல், உண்மையில் ஒருவர் தமக்குப் பழக்கமான இன்னொருவரைக் கூப்பிட்டதுதான். 1911இல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து டிஷ்ஷைக் கூப்பிட்டதற்கும் இதற்கும் தொலைவிலும் தொகையிலும் வேறுபாடு மலையளவு. முறையில் அவ்வளவு இல்லை. பழக்கம் என்பது ஒரு மைதானத்தைச் சுற்றி இருந்தது போய், இப்போது ஒரு கைப்பேசிக்குள் இருக்கிறது.

பிள்ளைகளைப் பறிகொடுக்க அஞ்சிய ஏ அண்ட் எம், ஷ்லாஸ்நேகலோடு ஆஸ்டினுக்குக் கிளம்பிவிட்டிருந்த மட்டைப் பயிற்சியாளர் மைக்கேல் எர்லியைச் சில நாட்களுக்குள் திரும்ப அழைத்துத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தது. அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் தங்கினர். 2025ஆம் ஆண்டு இரு தரப்புக்கும் கலவையாகவே அமைந்தது. பருவத் தொடக்கக் கணிப்புகளில் முதலிடம் பெற்றிருந்த ஏ அண்ட் எம், 64 அணிகள் கொண்ட தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. தென்கிழக்கு மாநாடு என்னும் வலிமை மிக்க வட்டாரக் கூட்டமைப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த டெக்சஸ், முதல் பருவத்திலேயே அதன் பட்டத்தைக் கைப்பற்றியது. ஆனால் தேசியப் போட்டியின் முதற்சுற்றில், சொந்த டிஷ்–ஃபால்க் மைதானத்தில், டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பின் சான் அன்டோனியோ வளாகத்து அணியிடம் தோற்றது.

கல்லூரிக்கும் மேஜர் லீகுக்கும் நடுவிலிருந்த வழியும் இதற்குள் திசை மாறிவிட்டது. முன்னாள் மேஜர் லீக் ஆட்டக்காரரான எடி ஸ்டாங்கி, தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தைவிட்டு 1977 ஜூனில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் மேலாளராகப் போய், ஒரே ஓர் ஆட்டத்தை வென்றுவிட்டு, வீட்டு நினைப்பு தாங்காமல் மறுநாளே கல்லூரிக்குத் திரும்பியது அந்த வழியில் நடந்த வேடிக்கை. 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி தன் மேலாளராக அமர்த்திக்கொண்ட டோனி விட்டெல்லோவோ, தொழில்முறை ஆட்டத்தில் ஆட்டக்காரராகவோ பயிற்சியாளராகவோ ஒருநாளும் இருந்ததில்லை. 2024இல் ஒமாஹாவில் ஷ்லாஸ்நேகலைத் தோற்கடித்த டென்னசி அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்; அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன் ஃபோர்ட் வொர்த்தில் அதே ஷ்லாஸ்நேகலுக்கு உதவியாளராக இருந்தவர். அவர் போனதும் டென்னசி பல்கலைக்கழகம் நெடுநாள் தேடவில்லை. விட்டெல்லோவிடம் உதவியாளராக இருந்த ஜாஷ் எலாண்டரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. எலாண்டர் கல்லூரிக் காலத்தில் ஆடியது டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில். அப்போது அவருடைய பயிற்சியாளர் ஷ்லாஸ்நேகல்.